ஒரு பெட்டி ஆப்பிளும் ஒற்றைக் கை ஸ்வெட்டரும்

பெட்டியின் அடியில் கிடந்த ஆப்பிளை எடுக்கக் கையை விட்டேன். கட்டைவிரல் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. மேலே இருந்தவை பரவாயில்லை. பளபளப்பு போய்த் தோல் லேசாகச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். அடியில்தான் இரண்டு அழுகல். பழுக்கும் ஆப்பிளிலிருந்து எத்திலீன் வாயு வரும். அது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துப் பழுக்க வைக்கும். இன்றைக்கு இரண்டு என்றால் நாளை மறுநாள் எட்டு. தோழி ஒருத்தி கொடுத்த பெட்டி அது. "வச்சு நிதானமா சாப்பிடு" என்று சொல்லித்தான் கொடுத்தாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் எவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டாலும் அந்தப் பெட்டி நம்மை முந்திவிடும். கெட்டதை நறுக்கித் தள்ளிவிட்டு மீதியைத் தராசில் வைத்தேன். நாலரைக் கிலோ.

சரி, ஆப்பிள் சாஸ் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சாஸ் என்ற பெயர்தான் பெரிது. உண்மையில் அது ஆப்பிள் மசியல். ஆப்பிளை வேகவைத்து மசித்தால் தீர்ந்தது.

இன்னொரு பக்கம் சோபா மூலையில் ஒரு பின்னல் பை பல மாதமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் கிடப்பவை: ஒரு கை மட்டும் வைத்த ஸ்வெட்டர், ஜோடி இல்லாத ஒரு சாக்ஸ், பாதியில் நிற்கும் லேஸ் சால்வை ஒன்று. ஒரு குழந்தைப் போர்வையும் உண்டு. அந்தக் குழந்தை இப்போது சைக்கிள் ஓட்டுகிறது. போர்வை முழங்கால் வரைக்குமாவது வருமா என்று தெரியவில்லை.

ஆப்பிள் கெட்டுவிடும், கம்பளி கெடாது. அதனால்தான் ஆப்பிள் வேலை அன்றைக்கே முடிகிறது, பின்னல் வருடக்கணக்கில் கிடக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சமாதானம் எப்படி உடைந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆப்பிள்.

எந்த ஆப்பிள் என்று கேட்பார்கள். மெக்கின்டாஷ் மாதிரி மென்மையான வகை என்றால் கால் மணி நேரத்தில் தானாகவே குழைந்துவிடும். ஃபூஜி, காலா போன்றவை இனிப்பு, ஆனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிரானி ஸ்மித் சேர்த்தால் புளிப்பு வரும். ஒரே வகையில் செய்தால் சுவை தட்டையாக இருக்கிறது. இரண்டு மூன்று வகை கலந்தால்தான் நாக்குக்கு ஏதாவது வேலை இருக்கும். எனக்கு வந்த பெட்டியில் என்ன வகை இருந்தது என்று இன்று வரை தெரியாது. ஒன்று இனித்தது, ஒன்று புளித்தது, அது போதும்.

தோலைச் சீவ வேண்டுமா? நான் சீவுவதில்லை. சோம்பல் பாதிக் காரணம். ஆப்பிளைக் கெட்டியாக்கும் பெக்டின் தோலிலும் நடுத்தண்டிலும்தான் அதிகம் என்பது மீதிக் காரணம். சிவப்புத் தோலோடு வேகவைத்து அப்புறம் சல்லடையில் தேய்த்து எடுத்தால் சாஸுக்கு ஓர் இளஞ்சிவப்பு வருகிறது பாருங்கள், எந்தக் கலர்ப்பொடியும் அதைக் கொடுக்காது. விதையை மட்டும் முதலிலேயே எடுத்துவிடுவேன். முழு விதையால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் மிக்ஸியில் விதையோடு அரைப்பது நல்லதல்ல. ஆப்பிள் விதையில் அமிக்டலின் இருக்கிறது. அரைபடும்போது அதிலிருந்து சயனைடு பிரியும்.

ஒன்றரைக் கிலோ ஆப்பிளுக்கு அரை டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு பட்டை, அரை எலுமிச்சம்பழம். அடி கனத்த அகலமான பாத்திரத்தில் போட்டு மூடி, சிறு தீயில் இருபது இருபத்தைந்து நிமிடம். வெட்டி வைத்த துண்டுகள் பழுப்பாகிவிட்டதே என்று பதற வேண்டாம். அந்தப் பழுப்பைக் கொண்டுவரும் நொதி சூடு ஏறியதும் செயலிழந்துவிடும். அதற்கு மேல் நிறம் இறங்காது. சர்க்கரை போடுவதாக இருந்தால் வெந்த பிறகு போடுங்கள். முதலிலேயே கொட்டினால் துண்டுகள் குழைய மறுத்து விறைத்து நிற்கும். ஜாமில் பழத்துண்டு முழுதாக நிற்பதும் இதனால்தான். இனிப்பான ஆப்பிள் என்றால் சர்க்கரையே தேவையில்லை. நான் போடவில்லை.

எனக்குத் திப்பித் திப்பியாக இருப்பதுதான் பிடிக்கும். வழுவழுவென்று இருப்பது பல் முளைக்காத குழந்தைகளுக்கும் விண்வெளி வீரர்களுக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வந்தபோது டியூபிலிருந்து பிதுக்கிச் சாப்பிட்டது ஆப்பிள் சாஸைத்தான். எடையற்ற நிலையில் மனிதனால் உணவை விழுங்க முடியுமா என்பதே அன்றைக்கு ஒரு கேள்வியாக இருந்தது.

நாலரைக் கிலோவும் ஒரே பாத்திரத்தில் கொள்ளாது. மூன்று ஈடாகப் போட்டேன். ஈடு ஒன்றுக்கு வெட்ட, வேக, தேய்க்க, ஆறவைக்க என்று ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்த நேரத்தில் பாதி, அடுப்புப் பக்கத்தில் சும்மா நிற்பதுதான். ஆனால் அந்தச் சும்மாவை நம்பி வேறு வேலைக்குப் போகவும் முடியாது. ஆப்பிள் குழையக் குழைய அடிப்பிடிக்கும் குணம் ஏறிக்கொண்டே வரும். நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டி போட்டே ஆக வேண்டும்.

அப்போதுதான் சோபா மூலைப் பை கண்ணில் பட்டது.

முதலில் எடுத்தது லேஸ் சால்வை. அது என் முட்டாள்தனம். லேஸ் என்றால் ஒவ்வொரு வரிசையிலும் எண்ணிக்கை. நூலைச் சுற்றி ஓர் ஓட்டை, இரண்டு கண்ணியை, அதாவது ஊசியில் ஏறிய நூல் வளையத்தை, சேர்த்து ஒன்று, மூன்று நிட் (சாதாரண நேர்க் கண்ணி), மறுபடி ஓட்டை. பதினேழாவது கண்ணியில் இருக்கும்போது பாத்திரம் கூப்பிடுகிறது. கிண்டிவிட்டு வந்தால் பதினேழா பதினெட்டா என்று தெரியாது. எண்ணி முடிப்பதற்குள் அடுத்த கிண்டல் வந்துவிடும். ஒரு கட்டத்தில், "இந்த வரிசையை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். பின்னுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் பொய் இது. வரிசை முடிந்தது. அடுப்பிலிருந்து சர்க்கரை பொசுங்குகிற வாசம் வந்தது. ஆப்பிளில் இருக்கும் சர்க்கரையே பொசுங்குவதற்குப் போதும்.

அடிப்பிடித்தால் ஒன்று மட்டும் செய்யக் கூடாது: கரண்டியால் அடியைச் சுரண்டுவது. சுரண்டினால் கருகல் முழுவதும் மேலே வந்து கலந்துவிடும். மேலாக இருப்பதை மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, அடியை ஊறவைத்துவிட வேண்டியதுதான். முக்கால் பங்கு பிழைத்தது. சால்வையில் ஓர் ஓட்டை விட்டுப்போயிருந்தது. அதையும் பிரித்தேன்.

இரண்டாவது ஈட்டுக்கு ஸ்வெட்டரை எடுத்தேன். இங்கேதான் எனக்கு வெளிச்சம் வந்தது. ஸ்வெட்டரின் கை என்பது வெறும் நிட், பர்ல் (நிட்டின் மறுபக்கம்). ஒரு வரிசை நிட், திரும்பினால் ஒரு வரிசை பர்ல். யோசிக்க ஒன்றுமில்லை. என் வேகத்துக்கு ஒரு வரிசை இரண்டு நிமிடம். ஆக, இரண்டு வரிசை பின்னினால் ஒரு கிண்டல். கடிகாரமே தேவைப்படவில்லை. கரண்டியைப் பாத்திரத்தின் மேல் குறுக்கே வைத்துவிட்டு வந்து உட்காருவேன். நிட் வரிசை போகும், பர்ல் வரிசை வரும், எழுந்திருப்பேன். அந்த ஈடு வெந்து முடிந்தபோது பதினான்கு வரிசை ஏறியிருந்தது. போன ஆறு மாதத்தில் நான் பின்னியதைவிட அதிகம்.

ஒற்றைக் கையோடு இந்த ஸ்வெட்டர் ஏன் நின்றுபோனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் கொஞ்சம் வெட்கக்கேடு இருக்கிறது. பின்ன ஆரம்பிக்கும் முன் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் மாதிரித் துண்டு ஒன்று பின்னி அளந்து பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் பொறுமை கிடையாது. நானும் அவசரமாக நாலு விரல் அகலத்துக்குப் பின்னி, கண்ணளவில் சரி என்று ஆரம்பித்துவிட்டேன். பின்னல் குறிப்பில் இருந்தது பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. என் கைக்கு 20 தான் வந்திருக்கிறது. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். நூறு சென்டிமீட்டர் மார்புச் சுற்றுக்கு 220 கண்ணி போடுகிறோம். பத்துக்கு இருபது வீதம் பின்னினால் அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். பத்து சென்டிமீட்டர் துணி உபரி. முதுகு, முன்பக்கம், ஒரு கை எல்லாம் முடித்து உடம்பில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முழுதாகப் பிரிக்க மனசு வரவில்லை, முடிக்கவும் கை வரவில்லை. பையில் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் வீம்பாக எடுத்து இரண்டாவது கையை ஆரம்பித்தேன். எந்த அளவு ஊசியில் பின்னினேன் என்று எழுதி வைக்கவில்லை. 4 மில்லிமீட்டர் என்று நினைத்தேன். 3.5 போலிருக்கிறது. நாலு விரல் அளவு ஏறிய பிறகு முதல் கையோடு சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்று துணி, இன்னொன்று கொசுவலை. மறுபடி பை.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வேலையோடும் ஒரு துண்டுச்சீட்டு வைத்து ஊசிமுனையில் குத்திவிடுகிறேன். ஊசி அளவு, எத்தனையாவது வரிசை, அடுத்து என்ன செய்ய வேண்டும், நூலின் லேபிளில் இருக்கும் சாய லாட் எண். லாட் எண் ஏன் என்றால், ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே பெயராக இருந்தாலும் வேறு தொட்டியில் தோய்த்த நூல் வேறு சாயலாகத்தான் வரும். கடையில் பார்த்தால் தெரியாது, பின்னி முடித்த பிறகு கோடு போட்ட மாதிரித் தெரியும். இரண்டு கையையும் ஒரே வட்ட ஊசியில் இரண்டு நூலுருண்டை வைத்துச் சேர்த்தே பின்னிவிடுவது இன்னும் நல்லது. ஒன்று முடிந்து இன்னொன்று நிற்கிற சோகமே வராது. அடுத்த ஸ்வெட்டரிலிருந்து அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மகள் அடுப்பங்கரைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு கையில் கரண்டி, மடியில் ஸ்வெட்டர்.

"அம்மா, இதெல்லாம் கடையில கிடைக்காதா?"

"எது? சாஸா, ஸ்வெட்டரா?"

"ரெண்டும்தான்."

கிடைக்கும். காலுறைகளைப் பின்ன 1589-இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் இயந்திரம் செய்துவிட்டார். அதற்குப் பிறகு பின்னுகிற ஒவ்வொருவரும் தேவையில்லாமல்தான் பின்னுகிறோம். ஒரு சாக்ஸுக்கு மட்டும் பத்தாயிரம் கண்ணி பக்கம் வரும். என்னிடம் நல்ல பதில் இல்லை. ஒரு கரண்டி சாஸை ஊதிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டுவிட்டு, கேள்வியை மறந்து போய்விட்டாள்.

மூன்றாவது ஈட்டில் ஒரு விபத்து. கெட்டியான கூழில் சாதாரணத் தண்ணீர் மாதிரிக் கொதி ஓட்டம் இருக்காது. அடியில் உண்டாகும் ஆவி வழி கிடைக்காமல் சேர்ந்து சேர்ந்து, திடீரென்று குமிழியாக வெடித்து மேலே தெறிக்கும். மூடியைத் திறந்து, கரண்டியை விட்டு, ஓர் அடி தள்ளி நின்று கிண்ட வேண்டும். நான் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து கிண்டினேன். கையில் ஒரு சொட்டு. எரிந்தது. ஸ்வெட்டரின் முடிந்த கையிலும் ஒரு சொட்டு, நல்ல பெரிதாக.

ஈரத்துணியால் துடைத்தேன். போதாது என்று குளிர்ந்த தண்ணீரில் நனைக்கப் பையிலிருந்த மிச்ச நூலையும் சேர்த்து எடுத்தேன், கறை அங்கேயும் இருக்கிறதா என்று பார்க்க. அப்போது நூலுருண்டையின் ஓரத்தில் ஒரு நுனி தொங்கியது. இழுத்தேன், ஒரு சாண் வந்து நின்றுவிட்டது. இன்னொரு நுனி. அதுவும் ஒரு சாண். நூலுருண்டை முழுக்க ஒரே இடத்தில் கத்தியால் கீறினது போல வெட்டு. இடுக்கில் அரிசி மணியைவிடச் சின்னதாக, வெள்ளைவெளேரென்று ஒன்று நெளிந்தது.

அந்துப்பூச்சி.

இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். கம்பளி கெடாது என்பது நானாகச் சொல்லிக்கொண்டது. பறக்கிற அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை, அதற்குத் தின்பதற்கு வாயே கிடையாது. முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். புழுதான் தின்னும். கம்பளி, பட்டு, இறகு, மயிர் என்று கெரட்டின் போன்ற விலங்குப் புரதம் உள்ளதெல்லாம் அதற்குச் சாப்பாடு. அதிலும் வேர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட கம்பளி என்றால் விருந்து. இருட்டான, யாரும் அசைக்காத இடமாகப் பார்த்துத்தான் குடியேறும். தினமும் கையில் எடுத்துப் பின்னுகிற நூலில் அது தங்காது. எட்டு மாதம் மூலையில் கிடந்த பையில் தாராளமாகத் தங்கும். ஆப்பிள் இரண்டு வாரம் கெடு கொடுத்தது. கம்பளி இரண்டு வருடம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுப்பை அணைத்தேன். ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். ஸ்வெட்டரின் முதுகில் ஓட்டை இல்லை. கையிலும் இல்லை. சாக்ஸ் பிழைத்தது. குழந்தைப் போர்வை பருத்தி நூல் என்பதால் அது சீண்டப்படவில்லை, சைக்கிள் ஓட்டுபவனுக்கு அதிர்ஷ்டம். அடிபட்டது ஒரு நூலுருண்டையும் சால்வையின் ஓரமும்தான்.

அந்துப்பூச்சிக்கு உருண்டை போடுவார்கள். எனக்கு அந்த வாசம் ஆகாது, பின்னுகிற துணியில் ஏறினால் போகவும் போகாது. இன்னொரு வழி குளிர். நூலைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி எடுத்து மூடி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். எடுத்ததும் பையைத் திறந்துவிடக் கூடாது. அறைச்சூட்டுக்கு வரும் வரை அப்படியே வைத்தால் ஈரம் பைக்கு வெளியே படியும், நூலில் படியாது.

ஃபிரீசரில் இடம்? அதில்தான் அன்றைக்குச் செய்த சாஸ் போக வேண்டும். நாலரைக் கிலோவுக்கு மூன்று லிட்டர் வந்திருந்தது, கருகலில் போனது போக. ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாள். ஃபிரீசரில் வைத்தால் பல மாதம். டப்பாவில் மேலே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்ப வேண்டும், தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். ஒருமுறை கண்ணாடி பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி வைத்தேன். காலையில் பார்த்தால் பாட்டில் இரண்டாகப் பிளந்து, நடுவில் சாஸ் சிலை மாதிரி நின்றது.

ஆக, ஒரு தட்டில் ஆறு டப்பா சாஸ், அதற்கு மேல் தட்டில் மூன்று பை நூல். பைகளில் "நூல், திறக்காதே" என்று எழுதித் தேதி போட்டேன். இரண்டாம் நாளே மகளின் அப்பா ஒன்றைத் திறந்து, "இது என்ன நூடுல்ஸ்?" என்று கேட்டார். எழுதியது போதவில்லை என்று பையைச் சுற்றி டேப்பும் ஒட்டினேன்.

இரண்டு வாரம் கழிந்து எடுத்தேன். வெட்டுப்பட்ட நூலைத் தூக்கிப்போட மனசில்லை, அந்த லாட் நூல் வேறு எங்கும் கிடைக்காது. கம்பளிக்கு ஒரு வசதி உண்டு, முடிச்சே இல்லாமல் ஒட்டலாம். இரண்டு நுனியையும் இரண்டு அங்குலத்துக்குப் பிரித்து, இழைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, உள்ளங்கையில் தண்ணீர் தொட்டு, இரண்டு கையாலும் வேகமாகத் தேய்க்க வேண்டும். சூடு ஏறுவது உள்ளங்கையில் தெரியும். கம்பளி இழையின் மேல் இருக்கும் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஒரே நூலாகிவிடும். மிஷினில் துவைக்கத் தோதாகப் பதப்படுத்திய கம்பளி இப்படி ஒட்டாது, அதில் செதில் மழுங்கியிருக்கும். என் நூல் ஒட்டியது. முப்பத்தொரு இடத்தில் ஒட்டினேன். எண்ணினேன், ஏனென்றால் முப்பதுக்கு மேல் போனால் விட்டுவிடுவதாகச் சபதம் போட்டிருந்தேன். முப்பத்தொன்றாவதை விட்டுவிட மனம் வரவில்லை.

கொசுவலைக் கையைப் பிரித்துவிட்டு 3.5 ஊசியில் மறுபடி ஆரம்பித்தேன். ஸ்வெட்டர் பெரிதாகத்தான் இருக்கும். வீட்டில் இருக்கிறவர்களில் மார்பு பெரியவர் யாரோ அவருக்குப் போகும். அது நூடுல்ஸ் கேட்டவர்தான். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை அடுப்பில் எதையாவது சிறு தீயில் வைக்கிறேன், பின்னுவதற்காகவே. நேற்று ஒரு டப்பா சாஸை எடுத்து, இன்னும் சுண்டக் காய்ச்சினேன். முக்கால் மணி நேரம், கரும்பழுப்பாகி, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதம். அதில் இருபது வரிசை. இந்த முறை ஸ்வெட்டர் தோளில் இல்லை, அடுப்புக்கு ஆறடி தள்ளி நாற்காலியில்.

ஸ்வெட்டர் கையில் இன்னும் நாற்பத்திரண்டு வரிசை பாக்கி. சாஸ் இரண்டு டப்பாதான் இருக்கிறது. தோழியிடம் இன்னொரு பெட்டி ஆப்பிள் இருக்குமா என்று கேட்டிருக்கிறேன்.